செல்லிக்கு ஒரு விசில்

அவள் உதட்டை நனைத்துக்கொண்டாள். ஆனால் விசில் அடிக்கவில்லை.

செல்லி அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. சற்று முன் ஜெயித்த குதிரை. வேர்வை இன்னும் காயவில்லை.

நீளக் கம்பின் நுனியில் டப்பாவை மாட்டிக்கொண்டு டாக்டர் காத்திருந்தார். ஜெயித்த குதிரையின் மூத்திரம் சோதனைக்குப் போயாக வேண்டும்.

செல்லி தானாக மூத்திரம் போகாது. விசில் கேட்டால்தான் போகும். குட்டியாக வந்த நாளிலிருந்து அப்பா அப்படிப் பழக்கியிருந்தார். அப்பாதான் ட்ரெய்னர். அவரிடமிருந்து அவளும் அந்த விசிலைக் கற்றுக்கொண்டாள்.

"விசில் அடிம்மா. எவ்ளோ நேரம்தான் நிக்கிறது?" என்றார் டாக்டர்.

"வாய் காஞ்சு போச்சு சார்."

பச்சைப் பொய்.

முழங்கால் வீங்கிய செல்லிக்கு அப்பா ஸ்டீராய்டு ஊசி போட்டபோது, கழுத்தைக் கட்டிப் பிடித்திருந்தவளே அவள்தான். தடை செய்த மருந்து. இந்த ரேஸும் தோற்றால் பீச்சுக்கு விற்றுவிடுவேன் என்று முதலாளி சொல்லிவிட்டார். வெயிலில் பிள்ளைகளைச் சுமந்து நடக்கும் அந்தக் குதிரைகளை அப்பா ஏறெடுத்துப் பார்க்க மாட்டார்.

மூத்திரத்தில் அந்த மருந்து வெகுநாள் நிற்கும், ரத்தத்தில் சீக்கிரம் கரைந்துவிடும் என்று அவர்தான் சொல்லியிருந்தார். மூத்திரம் வராவிட்டால் ரத்தம் எடுத்துக்கொண்டு விட்டுவிடுவார்கள்.

அவள் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அப்பா தப்பித்துவிடுவார்.

போன வருடம் இதே மாதிரி ஊசி போட்டு, இன்னொரு ட்ரெய்னரான எத்திராஜ் மாமா பிடிபட்டார். லைசென்சைப் பிடுங்கிக்கொண்டு, லாயத்துப் பக்கமே தலைகாட்டக் கூடாது என்றார்கள். குதிரையைத் தவிர வேறொன்றும் தெரியாத மனிதர். இப்போது தினமும் காலையில் மதில் சுவருக்கு வெளியே வந்து நின்று, குளம்புச் சத்தத்தைக் கேட்டுவிட்டுப் போகிறாராம்.

தப்பு செய்தால் தண்டனை வேண்டாமா? வேண்டும்தான். வேறு யார் வீட்டு அப்பாவுக்காவது.

செல்லி பின்கால்களை அகட்டியது. வாலைத் தூக்கியது. வரவில்லை. மறுபடி கால்களைச் சேர்த்துக்கொண்டது. அடிவயிறு துடித்தது.

அவள் பக்கம் கழுத்தை நீட்டி லேசாகக் கனைத்தது.

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அடிப் பாவி, வாயில்லா ஜீவனைப் போய் இப்படிப் படுத்துகிறாயே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அப்போதும் உதட்டைத் திறக்கவில்லை.

கம்பி வேலிக்கு வெளியே அப்பா நின்றிருந்தார். அவளைப் பார்க்கவில்லை. செல்லியின் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். டப்பாவைக் கழற்றாமலே, ரத்தம் எடுக்கும் ஊசியைக் கொண்டு வரச் சொன்னார்.

அப்போது விசில் கேட்டது.

மெல்லிய, நீண்ட விசில்.

அவள் உதடு மூடித்தான் இருந்தது.

செல்லியின் காதுகள் இரண்டும் வேலிப் பக்கம் திரும்பின. கால்கள் அகன்றன. டாக்டர் அவசரமாகக் கம்பை நீட்டினார். டப்பா நிரம்பி வழிந்தது.

"ஏம்ப்பா?" என்றாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"வலிக்குதுடி அதுக்கு."

அப்பா கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்றி, நாடாவை அதன்மேல் ஒழுங்காகச் சுற்றினார். செல்லி இன்னும் பெய்து முடிக்கவில்லை.

அவர் மறுபடி உதட்டைக் குவித்தார். அது முடிக்கும் வரை நிறுத்தவில்லை.