விரல் வைத்தால் தெரிந்துவிடும்

மாமனார் சபரிமலைக்கு மாலை போட்டிருந்ததால் வீட்டில் மீன் வாசமே கிடையாது. அப்படியிருக்க, கொல்லைப்புறத்துச் செம்பருத்தியின் அடியில் சாளை மீன் முள் கிடந்தது.

"மாலை போட்ட வீட்டுல மீனா? யாருட்டி தின்னது?" மாமியார் அன்னக்கிளி மருமகளைத்தான் முறைத்தாள்.

கல்லூரி ஆய்வகத்தில் வேலை பார்க்கும் அஜிதா பதறவில்லை. மறுநாள் ரசாயனம் பூசிய கண்ணாடித் தகடு ஒன்றைக் கொண்டுவந்தாள்.

"புரதம் பட்டா இது பச்சையா மின்னும், அத்தை. மீன்ல அதுதானே நிறைய! கை கழுவுனாலும் தப்ப முடியாது."

கணவன் ஸ்ரீஜித் விரலை வைத்தான். அஜிதா நீல விளக்கை அடித்ததும் பளிச்சென்று மின்னியது.

"அம்மா, ஆபீஸ் பக்கத்துக் கடையில ஒரே ஒரு துண்டு... வீட்டுல தின்னல்ல, சத்தியமா!"

"நாசமாப் போறவனே! இங்க பாரு, நான் வைக்கேன்!" அன்னக்கிளி விரலை அழுத்தினாள். அதுவும் மின்னியது. அவள் மருமகள் பக்கம் திரும்பினாள்.

"தங்கச்சி வீட்டுல... கொழம்பு மட்டுந்தான் மக்களே. மாமாகிட்ட சொல்லிராத."

அதன்பிறகு முள்ளைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை.

அறைக்குள் வந்ததும் ஸ்ரீஜித் கேட்டான். "ஏட்டி, நீ விரல் வைக்கவே இல்லையே?"

"எதுக்கு? மனுசத் தோல்லயே புரதம் உண்டு. யாரு விரல் வச்சாலும் மின்னும்."

"அப்போ அந்த முள்ளு?"

"அடுத்த தடவை தூரமாக் கொண்டு போடுதேன்," என்றாள் அஜிதா.