சங்கு ஊதாத நேரம்

தன்னை நம்புகிற புரோகிராமர், நடந்ததையெல்லாம் குறித்துவைக்கும் 'லாக்' எழுத மாட்டான் என்பது உலகத்துக்கு ஜவாத் அளித்த தத்துவம்.

ஸஃபி நகரத்து மத்தி மீன் தொழிற்சாலையில், நோன்பு திறக்க ஊதும் சங்கை இயக்குவது அவனுடைய புரோகிராம். ஜன்னலில்லாத அந்த அறையில் பக்கத்து மேஜை கிஸ்லானுடையது. அவளுடைய புரோகிராம் குளிர் அறைக் கதவு திறந்தால்கூட நேரத்தோடு கோப்பில் ஒரு வரி எழுதிவைக்கும்.

"தும்மினாக்கூட மணி போட்டு எழுதுமா உன்னுது?"

"எழுதும். நாளைக்கு உன் சங்கு ஊதலேன்னா எங்க போய்த் தேடுவே?"

"ஊதலேன்னா வேலையை விட்டுடறேன். முதல் நோன்பன்னிக்கே ஒரு மணி நேரம் லேட்டா வர்ற உங்களுக்குத்தான் லாக் வேணும்."

அன்று காலை எல்லோருக்கும் முன்னால் வந்திருந்தவன் அவன்தான்.

மாலையில் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். நேரம் தாண்டியிருந்தது. சங்கு ஊதவில்லை. மானேஜர் கழுத்தைப் பிடித்துத் தள்ளுவாரே என்று அவசரமாகப் புரோகிராமைத் திறந்தான். புரோகிராம் எங்கே நின்றது என்று பார்க்க ஒரு வரிகூட இல்லை.

"சங்குலதான் கோளாறு, புரோகிராம்ல இல்ல! சூரியன் எப்பவோ போயாச்சு, நீயும் சாப்பிடு," என்று ஒரு பேரீச்சம்பழத்தை மென்று விழுங்கினான்.

கிஸ்லான் பதறினாள். "அடப்பாவி, இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு! நோன்புக்காக நேத்து நாடே கடிகாரத்தைப் பின்னாடி தள்ளி வச்சுதே, உன் வாட்ச்சை நீ தள்ளலையா?"

காலையில் தான் ஏன் முதலில் வந்தோம் என்பது ஜவாத்துக்கு அப்போதுதான் விளங்கியது.

சங்கு பிசகாமல் தன் நேரத்துக்கு ஊதியது. எல்லோரும் கஞ்சிக்கு ஓடியதும், ஜவாத் சத்தமில்லாமல் புரோகிராமில் ஒரு வரி சேர்த்தான். இனி அது நிமிடத்துக்கு ஒருமுறை, மணியைப் போட்டு, 'இன்னும் நேரமாகவில்லை' என்று கோப்பில் எழுதும்.