கழற்ற முடியாதது

அம்மாவின் நகம் மகளின் கையில் ஒட்டியிருந்த பிளாஸ்டரின் ஓரத்தைத் தேடியது.

“ஒரு மணி நேரந்தான கண்ணு. பழசக் கழட்டுவீல்ல, அதாட்டக் கழட்டி வெச்சுரு.”

ஹாலில் மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்துவிட்டார்கள். அப்பா தேவைக்கு மேல் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஜாக்கெட் கை முடிகிற இடத்துக்குக் கீழே, பாதி எலுமிச்சம்பழத்தைக் கவிழ்த்தது போல அந்த வெள்ளைப் பம்ப். குழாய் கிடையாது. உள்ளேயே இன்சுலின், உள்ளேயே ஊசி. தோலோடு ஒட்டிக்கொண்டு சொட்டுச் சொட்டாக அவளை உயிரோடு வைத்திருந்தது.

அம்மா அவள் முந்தானையை இழுத்து அதை மூடினாள். பட்டு வழுக்கியது. மறுபடி மூடினாள். மறுபடி வழுக்கியது.

பழைய பம்ப் இடுப்பில் தொங்கும். அதிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று வயிற்றுக்குப் போகும். யாராவது வந்தால் குழாயைப் பிரித்து, பம்பை பீரோவில் சேலைகளுக்கு நடுவே செருகி வைப்பது இந்த வீட்டு வழக்கம். ஒரு மணி நேரம் என்றுதான் அம்மா சொல்வாள். வந்தவர்கள் பஜ்ஜி தின்று, தோட்டம் பார்த்து, சொந்தபந்தம் விசாரித்து எழுந்திருக்கும்போது பொழுது சாய்ந்திருக்கும். நாக்கு வறண்டு, வயிறு புரட்ட, அவள் சிரித்துக்கொண்டே நிற்பாள்.

போன தடவை அப்படி நின்றவள் ஐ.சி.யு.வில்தான் கண் விழித்தாள். பஜ்ஜி எண்ணெய் சரியில்லை என்று ஊருக்குச் சொன்னார்கள்.

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தைப் பண்ணு என்பார்கள். அம்மாவிடம் இன்னும் நிறையக் கைவசம் இருந்தது.

அதற்குப் பிறகுதான் குழாயில்லாதது வேண்டும் என்று அவள் கேட்டாள். வெளியே தெரியாது என்று வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அவள் காரணம் வேறு. இதைக் கழற்றி மாட்ட முடியாது. எடுத்தால் குப்பைதான். வேறொன்றில் மருந்து நிரப்பிப் புதிதாக ஒட்ட வேண்டும். கழற்ற முடியாததை யாரும் கழற்றச் சொல்ல மாட்டார்கள் என்று நினைத்திருந்தாள்.

மடச்சி.

ஹாலிலிருந்து மாப்பிள்ளையின் அம்மா குரல் கேட்டது. “காபில எங்க ரெண்டு பேத்துக்கும் சக்கரை போட்றாதீங்க. எனக்கும் சுகரு, இவுங்களுக்கும் சுகரு.”

தனக்கும் உண்டு என்று அப்பா முந்திக்கொண்டு சேர்ந்தார். அப்புறம் எந்த டாக்டர், எந்த மாத்திரை, வெந்தயமா பாகற்காயா என்று பேச்சு களை கட்டியது.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அறுபதில் வந்தால் ஊர்க்கதை. ஒன்பதில் வந்தால் குற்றம். இவள் என்ன, லட்டைத் திருடித் தின்றா இதை வாங்கிக்கொண்டாள்?

“அம்மா, இதக் கழட்டுனா மறுக்கா ஒட்ட…”

அம்மா பிய்த்துவிட்டாள்.

சுரீரென்றது. சின்னதாக ஒரு ரத்தப் பொட்டு. அம்மா அதைத் தன் முந்தானையால் ஒற்றி எடுத்தாள். பம்பைக் கைக்குட்டையில் பொதிந்து பீரோவில் வைத்துப் பூட்டினாள், பழசை வைப்பது போலவே பத்திரமாக. அது உள்ளே இருந்துகொண்டு பட்டுச் சேலைகளுக்கு இன்சுலின் போட்டுக்கொண்டிருக்கும்.

“நல்ல பையன் கண்ணு. கெடுத்துக்காத.”

நல்ல பையன்தான். வயிற்றெரிச்சலே அதுதான். போனில் ஒரே ஒரு முறை பேசினான். பாட்டு வராது, சமையல் சுமார் என்று இவள் சொன்னதற்கு, தனக்கு இரண்டுமே வராது என்று சிரித்தான். சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்தது. அம்மா பக்கத்திலேயே நின்றிருந்தாள். இவனை இழக்க இவளுக்கும் மனசில்லை.

அம்மா சமையலறைக்குப் போய்க் காபித் தட்டோடு வந்தாள்.

அவள் தட்டை வாங்கி மேஜை மேல் வைத்தாள். அலமாரியிலிருந்து புதிய பம்பையும் சிரிஞ்சையும் எடுத்தாள். மருந்து ஃப்ரிட்ஜில் இருந்தது. ஃப்ரிட்ஜ் ஹாலில் இருந்தது.

அம்மாவுக்கு அது உறைக்கச் சற்று நேரம் பிடித்தது. ஓடிப்போய்க் கதவை மறித்தாள்.

“வேண்டாஞ் சாமி.”

அவள் அம்மாவை ஒதுக்கிவிட்டு நடந்தாள்.

ஹாலில் எல்லோரும் திரும்பினார்கள். அவள் யாரையும் கும்பிடவில்லை. நேராகப் போய் ஃப்ரிட்ஜைத் திறந்தாள். தயிர்ச் சட்டிக்குப் பின்னால், முருங்கைக்காய்க்கு அடியில் அம்மா ஒளித்து வைத்திருந்த மருந்துப் புட்டியை எடுத்தாள். மாப்பிள்ளைக்கு எதிரே தனக்கென்று போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். சிரிஞ்சில் இழுத்துப் பம்பில் நிரப்பினாள். கோபம் பாதி, பயம் பாதி.

மாப்பிள்ளையின் அம்மாவுக்கு மிக்சர் எடுத்த கை அப்படியே நின்றது.

“என்ன கண்ணு அது?”

“இன்சுலினுங்க. ஒம்பது வயசுலருந்து.”

அடுத்த கையில் ஒட்டி, பொத்தானை அழுத்தினாள். உள்ளே டிக் டிக்கென்று ஓட ஆரம்பித்தது. ஊசி இறங்கக் கொஞ்சம் நேரமாகும்.

அப்பா ஃபேனைப் பார்த்தார். அம்மா வந்து முந்தானையை இழுத்து அந்தக் கையை மூடினாள்.

அவள் முந்தானையைத் தோளுக்கே தள்ளிவிட்டாள்.

பெண் பார்க்கத்தானே வந்திருக்கிறார்கள். பார்க்கட்டும்.

டக்கென்று ஊசி இறங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்து மாப்பிள்ளையைப் பார்த்தாள்.

அவன் தன் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.