முயலைக் காட்டும் நாள்

இத்தாலியின் பலெர்மோ நகர ஆய்வுக்கூடமொன்றின் வெள்ளை வெளிச்சத்தில் பேராசிரியர் விருந்தினருக்கு விளக்குகிறார்: "எங்கள் விலங்குகளுக்குப் பயமென்றால் தெரியாது." அவருடைய கழுத்துப்பட்டையிலும் முயல்கள் சிரிக்கின்றன. காலையில் காலியான கூடுகளில் தண்ணீர்ப் போத்தல்கள் இன்னும் சொட்டுகின்றன. விலங்குகளைப் பராமரிக்கும் செலஸ்ரீனா, மிஞ்சிய ஒரே முயலை ஏந்தி நிற்கிறாள். பிற்பகலில் அதற்குக் கடைசி ஊசியைப் போடப்போவதும் அவள்தான். "இதன் பெயர் என்ன?" என்று ஒரு சீமாட்டி குழைகிறாள். "பெயர் வைப்பதில்லை, சிஞ்ஞோரா. அது எங்கள் அறம்," என்று பேராசிரியர் முந்திக்கொள்கிறார். எல்லோரும் கைதட்டுகிறார்கள். கூட வேலைசெய்யும் அகஸ்ரின் தமிழில் முணுமுணுக்கிறான்: "பேர் வைச்சா கொல்லேலாது அக்கா, அதுதான் அறம்." "பேசாமல் நில்லடா." கைதட்டல் ஓயவில்லை, கமெராக்கள் மின்னுகின்றன. முயல் நடுங்கி, ஒளிந்துகொள்ள இடம் தேடி, அவளுடைய கக்கத்துக்குள் முகத்தைப் புதைக்கிறது.