இன்றைக்கும் மாட்டவில்லை

"ஏரியை வாசல்ல வச்சுக்கிட்டுக் கடையில மீன் வாங்குறது இந்த ஊர்லயே நீ ஒருத்திதான், சிர்க்கா," என்று கல்லாவில் இருந்த பெண் சொல்ல, பின்னால் நின்றவர்களும் சிரித்தார்கள்.

சிர்க்காவும் சிரித்து வைத்தாள். ஆனால் வீடு வந்து சேர்வதற்குள் அது கோபமாக மாறிவிட்டது.

பின்னே? அவள் கணவன் ரெய்யோ மர ஆலை வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். ஏரி உறைந்ததிலிருந்து தினமும் மீன் பிடிக்கப் போகிறான். பனிக்கட்டியில் ஓட்டை போட்டு, தூண்டிலை இறக்கிவிட்டு, முக்காலியில் உட்கார்ந்துவிடுவான். துணைக்குப் பக்கத்து வீட்டு தைஸ்தோ. மத்தியானமே இருட்டிவிடும் ஊர் அது. இருட்டியதும் மூக்கு சிவந்து, மீசையில் பனி ஒட்டிக்கொண்டு, வெறுங்கையோடு திரும்புவான்.

கேட்டால், "இன்னைக்கும் மாட்டலை," என்பான். அதற்குமேல் அவன் வாயிலிருந்து எதுவும் வராது.

அதே ஏரியில் மற்றவர்கள் வாளி வாளியாகப் பிடிக்கிறார்கள். இங்கே விறகு பிளக்காமல் கிடக்கிறது, கூரையில் பனி ஏறிக்கொண்டே போகிறது. ஒருவேளை இரண்டு பேரும் அங்கே உட்கார்ந்து குடிக்கிறார்களோ என்று அவன் கோட்டைக்கூட முகர்ந்து பார்த்திருக்கிறாள். காப்பி வாசனைதான் அடித்தது.

அன்றைக்கும் வெறுங்கைதான். வந்தவன் நேராக நீராவிக் குளியலுக்குப் போய்விட்டான். சிர்க்கா முணுமுணுத்துக்கொண்டே அவனுடைய ஈரக் கையுறைகளை அடுப்புப் பக்கம் காயப்போட்டாள். தூண்டில் நரம்பு சிக்கிக் கிடந்தது. முள் குத்திவிடப் போகிறதே என்று பார்த்துப் பார்த்துச் சிக்கெடுத்தாள்.

நுனி வரை வந்தாயிற்று. ஈயக்குண்டு மட்டும் தொங்கியது. முள்ளே இல்லை.

குளித்துவிட்டு வந்தவன் முன்னால் அதை நீட்டினாள்.

"இதை வச்சுக்கிட்டு எந்த மீனைப் பிடிக்கிறதா உத்தேசம்?"

ரெய்யோ தோளில் துண்டோடு விழித்தான். "நான்தான் கழட்டினேன்," என்றான்.

ஏன் என்று கேட்டாள். அவனுக்குப் பேச்சு சரளமாக வராது. அடுப்பைப் பார்த்தபடி துண்டு துண்டாகத்தான் சொன்னான். மனைவி ஹில்க்கா இறந்த பிறகு தைஸ்தோ திரைச்சீலையைக்கூட விலக்கவில்லையாம். அந்த வீட்டில் இருட்டிலேயே உட்கார்ந்திருந்தானாம். காப்பிக்குக் கூப்பிட்டும் வரவில்லையாம். மீன் பிடிக்கப் போகலாமா என்றதும்தான் பூட்ஸைத் தேடினானாம்.

"சும்மா வந்து உட்காருன்னா அவன் வரமாட்டான். ஏரின்னா பேசாமலே உட்கார்ந்திருக்கலாம், யாரும் எதுவும் கேட்கமாட்டாங்க. சில நாள் அவனா ஹில்க்காவைப் பத்திச் சொல்லுவான்."

"அதுக்கு முள்ளை ஏன்யா கழட்டணும்?"

"மீன் மாட்டிட்டா வீட்டுக்குக் கிளம்பணுமே. இந்தக் குளிர்ல அதுக்கப்புறமும் உட்கார்ந்திருக்க என்ன காரணம் சொல்றது?"

சிர்க்கா தூண்டில் நரம்பை மெல்லச் சுருட்டி வைத்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சரி, அவன் தூண்டில்ல மாட்டினா?" என்றாள்.

"அவனுக்கா?" ரெய்யோ சிரித்தான். "அவனுக்கு எந்தக் காலத்துல மீன் மாட்டியிருக்கு?"

கடையில் வாங்கிய மீனைப் போட்டு, பாலும் உருளைக்கிழங்குமாகச் சூப் வைத்தாள் சிர்க்கா. ஒரு பாத்திரத்தில் ஊற்றி மூடி, கம்பளித் துணியால் சுற்றிக்கொண்டு தைஸ்தோ வீட்டுக்குப் போனாள். திரைச்சீலை விலகியிருந்தது. ஜன்னலில் விளக்கு எரிந்தது.

தைஸ்தோ நன்றி சொல்லிப் பாத்திரத்தை வாங்கிக்கொண்டான். மூடியைத் திறந்ததும் அவன் முகம் லேசாகச் சுருங்கியது.

"ஏன், மீன் பிடிக்காதா?"

"வாசனையே ஆகாது," என்றான் கூச்சத்தோடு. "சின்ன வயசுலேர்ந்தே. ஹில்க்கா எனக்குத் தனியாத்தான் சமைப்பா."

"அப்போ தினமும் ஏரிக்கு எதுக்குப் போறே? குளிர்ல உன் முட்டியும் வலிக்குமே."

"வலிக்கத்தான் செய்யுது." தைஸ்தோ பாத்திரத்தை மூடிவைத்தான். "ஆலையிலேர்ந்து நின்ன பிறகு போன குளிர்காலம் ரெய்யோ எப்படி இருந்தான்னு நீ பார்த்தேதானே, சிர்க்கா? பகல் முழுக்கக் கட்டில்ல படுத்துச் சுவரையே பார்த்துக்கிட்டு. இந்த வருஷம் அவனா வந்து கதவைத் தட்டி, மீன் பிடிக்கலாம்னு கூப்பிட்டான். எனக்கு வெளியே வரவே மனசில்லை. ஆனா நான் வரலைன்னா அவன் மறுபடியும் போய்ப் படுத்துக்குவானே."

சிர்க்கா பார்வையைத் திருப்பினாள். வாசல் மூலையில் அவன் தூண்டில் சாய்ந்திருந்தது. அருகே போய் அதன் நரம்பைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

அதிலும் முள் இல்லை.

"தப்பித் தவறி ஏதாவது மாட்டிடப் போகுதேன்னுதான்," என்றான் தைஸ்தோ. "மாட்டினா அவன் கிளம்பிடுவான். இதை அவன்கிட்ட சொல்லிடாதே."

சொல்லமாட்டேன் என்று அவன் கையைப் பிடித்து அழுத்திவிட்டு வந்தாள்.

வீட்டில் ரெய்யோ வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான். "எப்படி இருக்கான்?" என்றான்.

சிர்க்கா கோட்டிலிருந்த பனியை உதறினாள்.

"நல்லாத்தான் இருக்கான். ஒரு மீனாவது பிடிக்காம விடப்போறதில்லையாம். நாளைக்கு உன்னை நேரத்தோட வரச் சொன்னான்."