நாடா நிற்கும்வரை

இரண்டு நிரல்களை ஒப்பிட்டுக்கொண்டிருந்த பொறியாளர் பூங்கோதை, காலை பதினொன்று நாற்பதுக்கு அந்த ஆறு வரிகளைக் கண்டுபிடித்தாள். அவளுடைய கம்பெனியின் இயங்குதளத்திலும், அவர்கள் வழக்குப் போடவிருந்த சிறு கம்பெனியின் இயங்குதளத்திலும் அவை அச்சு அசலாக இருந்தன. அணைவதற்குமுன் கணினியை மூன்று நொடி காத்திருக்கச் சொல்லும் வரிகள். மேலே ஒரு குறிப்பு: 'நாடா சுழன்று நிற்கட்டும்.' அந்தக் காலக் கணினிகள் தகவலைப் பதிந்துவைத்த காந்த நாடா அது; இப்போதைய கணினிகளில் நாடாவே கிடையாது.

"இதையுமா சேர்த்துக் காப்பியடிப்பான்?" கம்பெனி வக்கீல் தேவசகாயம் சிரித்தபடி, அவர்கள் நிரலைத் திருடியதாகச் சொல்லும் பிரமாணப் பத்திரத்தை நீட்டினார். "கையெழுத்துப் போடுங்கம்மா. அவன் கடையை மூடிடலாம்."

அவள் போடவில்லை. இலவச இயங்குதளம் ஒன்றை இறக்கித் தேடினாள். அதே ஆறு வரிகள். கடைசியில், நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு பல்கலைக்கழகம் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று கொடுத்த மூலநிரலைத் திறந்தாள். அங்கேயும் இருந்தன. எழுதியவர் பெயர் இல்லை. அதற்குப்பின் எத்தனை கெட்டிக்காரர்கள் கை வைத்திருப்பார்கள்! ஒருவரும் அழிக்கவில்லை. உலகெங்கும் கணினிகள் இல்லாத நாடாவுக்காக மூன்று நொடி பொறுத்திருந்துவிட்டு அணைகின்றன. பெயர் தெரியாத அந்த மனிதருக்கு மரியாதையாக அவளுக்கு எழுந்து நிற்கவேண்டும்போல் இருந்தது.

"அவங்க நம்மகிட்டயிருந்து எடுக்கல, சார். ரெண்டு பேருமே ஒரே வீட்டுப் பிள்ளைங்க."

"அவ்வளவு தூரம் யாரும்மா தோண்டிப் பார்க்கப்போறாங்க?"

பூங்கோதை பத்திரத்தை அவர் பக்கமே தள்ளினாள்.

"எழுதின மனுஷன் நம்ம மேல கேஸ் போடல. நாம யாரு சார், அவங்க மேல போட?"