விலகினார்

டேட்டாபேஸில் ஒருவர் பெயருக்கு எதிரே 'விலகினார்' என்று விழுந்தால், அந்த நொடியே முதலாளிக்கு மெயில் பறக்க வேண்டும். அதைத் தானாகவே அனுப்பும் டிரிக்கரைக் கோடிங் ஃபைலில் எழுதி, கிளவுடில் ஏற்றிவிட்டாள் புது இன்ஜினியர்.

"சோதனை டேட்டாபேஸ்தானே? என் பேரையே போட்டுப் பாரு" என்றார் மேனேஜர்.

போட்டாள். மெயில் பறந்தது. அப்புறம்தான் ஃபைலின் முதல் வரியைப் பார்த்தாள். எந்த டேட்டாபேஸ் என்ற இடத்தில் 'நிஜம்' என்றிருந்ததை 'சோதனை' என்று மாற்ற மறந்திருந்தாள்.

"சார்... நிஜ டேட்டாபேஸ்ல ஏத்திட்டேன். நீங்க வேலையை விட்டுட்டதா முதலாளிக்குப் போயிடுச்சு."

"அறிவிருக்கா உனக்கு? இன்னிக்கே உன் சீட்டைக் கிழிக்கிறேன், பாரு!"

முதலாளிக்கு விளக்கம் சொல்ல அவர் போனை எடுப்பதற்குள் பதில் வந்துவிட்டது.

'நல்ல முடிவு. இதை உங்களிடம் எப்படிச் சொல்வதென்று நானே தவித்துக்கொண்டிருந்தேன்.'